ஜீவகாருண்யம் வயிற்றோடு நின்றுவிடுமா?

1867ஆம் ஆண்டு மே 23 அன்று வடலூரில் வள்ளலார் இராமலிங்க அடிகள் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் மழை பொய்த்துப் பஞ்சம் வந்திருந்தது. பசியோடு வருகிறவரிடம் ஊர் எது, சாதி எது, சமயம் எது, நடத்தை எப்படி என்று ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாது என்பது அவர் வைத்த நெறி. தமிழ்நாட்டில் இன்று நடக்கும் அன்னதானக் கூடங்கள், ஆதரவற்றோர் இல்லங்கள், தர்காக்களையும் தேவாலயங்களையும் ஒட்டிய சேவை மையங்கள், மகளிர் குழுக்கள் எல்லாம் இந்த நெறியில் ஏதோ ஒரு பங்கைத் தம்முடையதாகக் கொண்டவைதாம். அங்கே சோற்றுக்கும் துணிக்கும் கடனுக்கும் வருகிறவர்கள் தூக்கமற்ற இரவுகளையும், நெஞ்சை அடைக்கும் பயத்தையும், சாவைப் பற்றிய நினைப்பையும் கூடவே கொண்டுவருகிறார்கள். அவற்றுக்கு அந்த இடம் பொறுப்பேற்க வேண்டுமா? மனநல உதவி அந்த அறத்துக்குள் அடங்கியதா, அல்லது மருத்துவமனையின் வேலையை அடுப்படியில் கொண்டுவந்து திணிப்பதா? அடங்கியது என்பதே என் வாதம். ஆனால் அதை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம், அன்னதானம் இதுவரை பெருமையோடு தவிர்த்துவந்த ஒரு செயலைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தச் செயல், கேட்பது.

வள்ளலாரின் உரைநடை நூலான ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் பசியைப் பற்றிய ஒரு நீண்ட வருணனை உண்டு. பசி முற்றினால் மனிதருக்கு என்னென்ன ஆகும் என்று படிப்படியாகச் சொல்லிச் செல்கிறார். நாம் எதிர்பார்ப்பதுபோல் அது வயிற்றில் தொடங்குவதில்லை. முதலில் அறிவுக்கு நேரும் குலைவு. அடுத்து மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகியவை ஒவ்வொன்றாக நிலைகெடுவது. கண்ணும் காதும் கைகாலும் வயிறும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. பசியை உடம்பின் குறைபாடாக மட்டும் பார்த்த ஒருவர் இந்த வரிசையில் எழுதியிருக்க மாட்டார். அதே நூலில், போக்கப்படவேண்டிய துன்பங்களென்று அவர் ஏழினைச் சொல்கிறார்: பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை. இவற்றுள் பயமும் இச்சையும் மனத்தில் நிகழ்பவை; பிணி உடம்பிலும் மனத்திலும் நிகழக்கூடியது. பசியையும் கொலையையும் அவர் முதல் வரிசையில் வைத்தார் என்பது உண்மை. முதலில் வைத்தார் என்பதற்கு மற்றவற்றை விட்டுவிடச் சொன்னார் என்று பொருளில்லை. உயிர் போகாமல் காப்பதுதான் அந்த முதன்மைக்குக் காரணம் என்றால், தன் உயிரைத் தானே எடுத்துக்கொள்ளப் போகிறவரைத் தடுப்பதும் அந்த முதல் வரிசையிலேயே சேரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நூல் இன்னொரு கேள்வியையும் தானே எழுப்பிக்கொள்கிறது. நம் விவாதத்துக்கு மிகவும் தேவையான கேள்வி அது. பசி முதலிய துன்பங்கள் மனத்துக்கும் புலன்களுக்கும்தானே நேர்கின்றன, ஆன்மாவுக்கு அவற்றோடு என்ன தொடர்பு, அப்படியிருக்க அவற்றைப் போக்குவது எப்படி உயர்ந்த வழிபாடாகும் என்று ஒரு வேதாந்தி கேட்கக்கூடும். மனமும் புலன்களும் கருவிகள், அவற்றால் அனுபவிக்க முடியாது, அனுபவிப்பது உயிர்தான் என்பது வள்ளலாரின் பதில். கண்ணாடி போட்டிருப்பவர் துயரமான ஒன்றைக் கண்டால் கண்ணிலிருந்துதான் நீர் வழியும், கண்ணாடியிலிருந்து வழியாது என்று உதாரணமும் தருகிறார். இதைக் கவனமாகப் படித்தால் ஒரு முடிவு தவிர்க்க முடியாததாகிறது. மனத்தின் கலக்கத்தை வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிட இந்த நெறியில் இடமில்லை. கருவி பழுதானால் வலிப்பது அதை உடைய உயிருக்கு. உயிருக்கு வலிக்கிறதென்றால் ஜீவகாருண்யம் அங்கே போயாக வேண்டும்.

அறத்தின் பக்கம் இது. நடைமுறையின் பக்கம் சான்றுகள் கொட்டிக் கிடக்கின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு மனநலப் பாதிப்போடு இருந்தார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பாதிப்புகள் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் எந்தச் சிகிச்சைக்கும் போனதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் மனநல மருத்துவர்கள் லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை என்பதையும் அந்த ஆய்வே பதிவு செய்தது. 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டுகிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் இருந்தும் நிலைமை இது. மருத்துவர் இருக்கும் இடத்துக்கு மக்கள் போவதில்லை. மக்கள் போகும் இடத்தில் மருத்துவர் இல்லை. அவர்கள் போகும் இடம் கோயில், தர்கா, மாதா கோயில், குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை.

அப்படிப் போவதை மூடநம்பிக்கை என்று சொல்லி முடித்துவிடுபவர்கள் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு சிறிய ஆய்வைப் படிக்கலாம். ரகுராமும் அவருடைய சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. கோயிலில் விசேஷமான சடங்கு எதுவும் செய்யவில்லை. நோயாளியும் கூட வந்த உறவினரும் அங்கேயே தங்கினார்கள், கோயிலின் அன்றாட வேலைகளைச் செய்தார்கள், எளிய வழிபாட்டில் கலந்துகொண்டார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியபின் மருத்துவ அளவுகோலின்படி அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வு அது. அதை வைத்துக் கோயிலே மருந்து என்று கூறிவிட முடியாது. ஆனாலும் அச்சுறுத்தாத ஓரிடம், கூடவே இருக்கும் ஓர் ஆள், காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒரு வேலை ஆகிய மூன்றும் கலங்கிய மனத்துக்கு ஏதோ செய்கின்றன என்பதை அது காட்டியது. இந்த மூன்றையும் தருவதற்கு ஊரில் உள்ள சேவை நிறுவனத்தைவிடப் பொருத்தமான இடம் எது?

முத்துசாமி கோயிலைச் சொன்னால் ஏர்வாடியையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய காப்பகமொன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். நம்பிக்கையோடு தேடி வந்த இடத்தின் நிழலில், குடும்பங்கள் பணம் கொடுத்து ஒப்படைத்துப் போனவர்கள் ஓட முடியாமல் எரிந்து போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னாளில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தெளிவாக எழுதி வைத்தது. இந்தச் சாவுகளிலிருந்து சிலர் எடுத்த முடிவு, வழிபாட்டுத் தலங்களிலிருந்து மனநோயாளிகளைப் பிரித்துவிட வேண்டும் என்பது. அவர்களின் கோபம் நியாயமானது, முடிவு தவறானது. அந்த 28 பேரையும் கொன்றது தொழுகை அல்ல. கண்காணிப்பே இல்லாத தனியார் காப்பகம், மருத்துவம் எட்டாத தூரம், வீட்டுக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளாத உறவு, சங்கிலி எல்லாம் சேர்ந்து கொன்றன. தர்காவை மூடினாலும் இந்த நான்கும் வேறோர் ஊரில் ஒன்றுசேரும். குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாத்தார் தர்காவில் 2008இல் தொடங்கிய ‘தவா-துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) ஏற்பாடு இதற்கு எதிர்த்திசையில் யோசித்தது. மந்திரித்துத் தரும் முஜாவர்களை விலக்காமல், எந்தக் குறிகளைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்று அவர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். தர்காவை ஒட்டியே மருத்துவரும் மருந்தும் கிடைக்கச் செய்தார்கள். துவாவை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தமிழ்நாடு அரசும் பின்னர் ஏர்வாடியிலேயே இந்த வழியை மேற்கொண்டது. எந்த ஊர் நம் வெட்கத்தின் பெயராக இருந்ததோ அங்கேயே மாத்திரையும் பிரார்த்தனையும் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன என்பதைப் பலர் இன்னும் அறியவில்லை.

நம்பிக்கையுள்ளவர்களிடமிருந்து வரும் மறுப்பு ஒன்று உண்டு. அதை மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். துன்பம் வினையால் வருவது அல்லது இறைவனின் சோதனை. அனுபவித்துத் தீர்க்கவேண்டியதை மாத்திரையாலும் பேச்சாலும் தள்ளிவைப்பது இறைவன் செயலில் தலையிடுவதாகாதா? ஏறக்குறைய இதே கேள்வியைப் பசியை வைத்து வள்ளலார் காலத்திலும் கேட்டிருக்கிறார்கள். முன்வினையால் பசித்திருப்பவருக்குச் சோறு போட்டால் கடவுளின் ஆணையை மீறியதாகுமே என்பதற்கு அவர் சிறைச்சாலையைக் காட்டினார். கொடிய குற்றவாளியைச் சிறையில் அடைக்க உத்தரவிட்ட அரசனே, தன் சேவகர்களைக் கொண்டு அவனுக்கு வேளாவேளைக்கு உணவும் கொடுக்கச் செய்கிறான். தண்டனையைக் காரணமாகச் சொல்லி உணவை நிறுத்தும் சேவகன்தான் அரசன் ஆணையை மீறியவன். இதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, மணிமேகலைக் காப்பியம் சோழன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தது. எந்த நோய்க்கும் இறைவன் மருந்தை வைத்திருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. 13ஆம் நூற்றாண்டுக் கெய்ரோவில் இஸ்லாமிய அறக்கட்டளையில் நடந்த பொது மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. ஆக, வினை என்றும் சோதனை என்றும் சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வதற்கு இந்த மரபுகளில் எதுவும் முன்னுதாரணமாக நிற்பதில்லை. இன்னும் ஒன்று: மனச்சோர்வில் இருக்கும் பக்தருக்கு வழிபாடே கசந்துபோகும். தன் பக்தி குறைந்துவிட்டது, அதனால்தான் இறைவன் கைவிட்டான் என்று அவர் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வார். அந்த வேளையில் இன்னும் பக்தி வேண்டும் என்று உபதேசிப்பது அந்தக் குற்றச்சாட்டுக்குச் சாட்சி சொல்வதாகிவிடும்.

எனக்கு மிகக் கனமாகத் தோன்றும் மறுப்பு கோயிலிலிருந்து வருவதல்ல; சமூக நீதியின் பக்கமிருந்து வருவது. கந்துவட்டிக்காரன் வாசலில் நின்று கத்துவதால் ஒரு பெண்ணுக்குத் தூக்கம் போய்விட்டதென்றால், அவளுக்கு நோய் என்று பெயர் வைப்பது யாருக்கு வசதி? வேலையில்லாத இளைஞனுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித் தருவது, அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அமுக்குவதாகாதா? அநீதியைத் தாங்கிக்கொள்ளப் பழக்குவதற்கு மனநல உதவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இதற்குச் சான்றும் இருக்கிறது. கென்யாவின் கிராமங்களில் 5,700க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஓர் ஆய்வில் சிலருக்கு மொத்தமாகப் பணம் கொடுத்தார்கள், சிலருக்கு ஐந்து வாரம் மனநல ஆலோசனை கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பணம் பெற்றவர்களின் வாழ்வும் மனமும் மேம்பட்டிருந்தன. ஆலோசனை மட்டும் பெற்றவர்களிடம் அளக்கக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணம் வழங்கத் தொடங்கிய பகுதிகளில் தற்கொலை விகிதம் 18 விழுக்காடு குறைந்தது. வறுமையைத் தொடாமல் மனத்தை மட்டும் தொட நினைப்பவர்கள் இவற்றுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நான் இந்தச் சான்றுகளை மறுக்கவில்லை. இவைதான் என் வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. கென்யாவில் ஆலோசனை பெற்றவர்கள் மனவேதனை உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்; கிராமங்களில் இருந்த சாதாரண மக்கள்தான். தவிர, பணமில்லாமல் பேச்சை மட்டும் கொண்டுபோனால் பேச்சு தோற்கும் என்பதைத்தான் அது காட்டுகிறது. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் குற்றச் செயல்களில் புரண்டுகொண்டிருந்த 999 இளைஞர்களிடம் நடந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. எட்டு வார உளவியல் குழுப்பயிற்சியால் மட்டும் வந்த மாற்றம் நாளடைவில் மங்கியது. 200 டாலர் பணத்தால் மட்டும் வந்ததும் நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் வன்முறையும் திருட்டும் குறைந்த நிலை பத்தாண்டுகளுக்குப் பிறகும் நீடித்தது. மகாராஷ்டிரத்தில் தொடங்கி குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்துக்கு விரிந்த ‘ஆத்மீயதா’ திட்டத்தில், பயிற்சி பெற்ற கிராமத்துத் தன்னார்வலர் ஒருவரே வேதனையில் இருப்பவரோடு நாலைந்து முறை உட்கார்ந்து பேசுகிறார். அவருக்கு வரவேண்டிய விதவை ஓய்வூதியத்துக்கும் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கும் மனு எழுத உதவுகிறார். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்வதில்தான் விஷயமே இருக்கிறது. மருத்துவமனையால் மனு எழுத முடியாது. தாலுகா அலுவலகத்தால் அழுகையைக் கேட்க முடியாது. ஊரில் வேரூன்றிய சேவை நிறுவனத்தால் மட்டுமே இரண்டையும் செய்ய முடியும். கந்துவட்டியால் தூக்கம் போன பெண்ணுக்குக் கடனை மாற்றித் தரும் குழுவும் வேண்டும், தூக்கம் போன இரவுகளில் கயிற்றைப் பற்றி யோசித்ததைச் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். முதலாவது கிடைக்கும்வரை அவள் உயிரோடு இருக்க இரண்டாவது தேவைப்படுகிறது.

பயிற்சியில்லாதவர்கள் மனத்தைக் கையாண்டால் கெடுதல்தானே என்பது மருத்துவத் துறையினரின் கவலை. ஓரளவு உண்மை. பேரிடருக்குப் பின் பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை ஒருகாலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதனால் பயனில்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று தெரிந்து அதைக் கைவிட்டார்கள். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் பட்டம் இருந்தால்தான் உதவ முடியும் என்பதும் சரியல்ல. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய நட்பு பெஞ்ச் திட்டத்தில், சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவர்கள் அந்தந்தப் பகுதியின் பாட்டிகள். ஆறு சந்திப்புகள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தைத் தேர்ந்தெடுத்து எழுந்துபோக வேண்டும். 573 பேரிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையில், ஆறு மாதம் கழித்துப் பெஞ்சுக்கு வந்தவர்களில் மனச்சோர்வின் குறிகள் இருந்தவர்கள் 14 விழுக்காடு; வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 50 விழுக்காடு. அந்தப் பாட்டிகள் தனியாக விடப்படவில்லை. அவர்களுக்கு மேலே மேற்பார்வையாளர் இருந்தார், நிலைமை மோசமானால் யாரிடம் அனுப்புவது என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் மருந்து வேண்டும், அதை மருத்துவர்தான் தரவேண்டும். அதைத் தெரிந்துவைத்திருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. வடலூர் இருக்கும் அதே கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் தற்கொலைத் தடுப்புக்காக மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் செய்தது அதைவிட எளியது: பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில், ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பூட்டிய பெட்டியில் வைத்தார்கள். அந்த ஊர்களில் பூச்சிமருந்துச் சாவு குறைந்தது. ஆத்திரமும் விரக்தியும் உச்சத்தில் நிற்கும் அந்த அரைமணி நேரத்தில் டப்பா கைக்கெட்டாமல் இருப்பதும் ஜீவகாருண்யம்தான். அதற்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை. ஊர் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவே.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேட்பது. அன்னதானத்தின் பெருமை அது கேள்வி கேட்காதது. இலைக்கு முன் உட்கார்ந்தவர் தன் வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை, கதை சொல்ல வேண்டியதில்லை, நன்றி சொல்லவும் வேண்டியதில்லை. பசி முகத்திலேயே தெரிந்துவிடுகிறது என்பதால் அது முடிகிறது. மனவேதனை தன்னை மறைத்துக்கொள்கிறது. கேட்காமல் அது வெளியே வராது. கேட்காத கருணையின் வீட்டுக்குள் கேட்டாக வேண்டிய கருணையை எப்படிக் கொண்டுவருவது? இதுதான் இந்த விவகாரத்தின் உண்மையான சிக்கல். நிதியோ ஆளோ அடுத்த கதைதான். பந்தியில் கேட்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சோறு போடுகிற கை கேள்வி கேட்டால், பதில் சொல்லாவிட்டால் சோறு கிடைக்காதோ என்ற பயம் வந்துவிடும். அதனால் பரிமாறுகிறவர் வேறு, கேட்கிறவர் வேறாக இருக்க வேண்டும். ஆலோசனைக்கு வந்தால்தான் அரிசி, குழுக் கடன், இல்லத்தில் இடம் என்று எந்த நிபந்தனையும் எக்காலத்திலும் இருக்கக் கூடாது. பரிமாறுகிறவரால் பார்க்க முடியும். தினமும் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும் பெண்ணை, வரிசையில் சேராமல் தூணோரம் நிற்கும் பெரியவரை, நாலு நாளாக வராத பையனை அவருக்குத் தெரியும். திண்ணையோரம் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரிடம் அவர் சொல்லலாம். அந்த இன்னொருவர் கை கழுவி வரும்போது பேச்சுக் கொடுக்கலாம்: ராத்திரி தூக்கம் வருதாம்மா, சாப்பாடு இறங்குதா, மனசு விட்டுப் பேச யாராவது இருக்காங்களா. மனச்சோர்வு என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரவேண்டியதில்லை. ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடும் நாகரிகமும் வேண்டும். செத்துப்போகலாம் என்று நினைப்பு வருதா என்றும் தேவைப்பட்டால் நேராகக் கேட்கலாம்; அப்படிக் கேட்பது அந்த நினைப்பைத் தூண்டிவிடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. கேட்டது அந்தத் திண்ணையைத் தாண்டக் கூடாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் இதைக் காப்பது கடினம். வெளியே கசிந்தால் அது பெண்ணின் கல்யாணப் பேச்சிலும் பையனின் வேலையிலும் போய் முடியும் என்பதால் இதைக் காக்க முடியாத நிறுவனம் இந்தப் பணியைத் தொடங்கவே கூடாது.

கேட்கத் தொடங்கிய நிறுவனம் கேட்க விரும்பாததையும் கேட்க நேரிடும். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சோற்றுக்கு வருகிறவர் பசியை மட்டும் காட்டிக்கொண்டிருந்த வரையில், அந்தப் பசி எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே தொண்டு செய்ய முடிந்தது. வாய் திறந்தால் அடிக்கும் புருஷன் வருவான், கூலியைப் பிடித்துவைத்த முதலாளி வருவார், கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாத தெரு வரும். சில நேரம் அந்த முதலாளியின் பெயர் அரிசி மூட்டை தந்த உபயதாரர் பட்டியலிலும் இருக்கும். அந்தப் புருஷன் திருவிழாக் கமிட்டியில் இருப்பான். அப்போது நிர்வாகம் யார் பக்கம் நிற்கும்? அந்தப் பெண்ணிடம் பொறுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினால், சமூக நீதியின் பக்கமிருந்து வந்த அத்தனை மறுப்பும் உண்மையாகிவிடும். கேட்கிறவரைத் தேர்ந்தெடுப்பதற்கும் அவருக்குப் பயிற்சி கொடுப்பதற்கும் முன்பாக, வந்தவர் சொன்னதை மறைத்து எந்த உபயதாரரையும் காப்பாற்ற மாட்டோம், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் காவல் நிலையத்துக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் கூடப் போவோம் என்று அறங்காவலர்கள் உட்கார்ந்து தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு சில அரிசி மூட்டைகள் வராமல் போகலாம்.